பிரஸ்ஸல்ஸில் இந்தியாவுக்குத் தனித் தூதரகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு நம் நாடு நடத்தும் வர்த்தகம் பற்றி உங்கள் நாளிதழில் வருகிற செய்திகளை விடாமல் படித்துவருகிறேன். கார் வரி குறையுமா, ஒயின் விலை இறங்குமா, திருப்பூருக்கு எவ்வளவு ஆர்டர் வரும் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் ஒன்றியத்தின் தலைமை அலுவலகங்கள் இருக்கிற, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் நம் பக்கம் இருந்து இதையெல்லாம் நாள்தோறும் கவனிக்கிற அலுவலகம் எது, அதன் தலையில் எத்தனை வேலையைக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட நான் எந்தத் தமிழ் நாளிதழிலும் படித்த ஞாபகம் இல்லை. கேரள எல்லையில், பந்தலூர் தாலுகாவில், காப்பியும் மிளகும் வைத்துப் பிழைக்கிற எனக்கும் என்னைச் சுற்றி இருக்கிறவர்களுக்கும் அந்த அலுவலகம் ரொம்ப முக்கியம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

விஷயம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று இந்தியாவுக்குத் தனித் தூதரகம் கிடையாது. பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஒரே இந்தியத் தூதரகம் பெல்ஜியம், லக்ஸம்பர்க், ஐரோப்பிய ஒன்றியம் மூன்றுக்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. புதிதாகப் போகிற தூதர் பெல்ஜிய மன்னரிடம் ஒரு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், லக்ஸம்பர்க் கோமகனிடம் ஒன்று, அப்புறம் ஐரோப்பிய கவுன்சில் தலைவரிடம் ஒன்று. ஆன்ட்வெர்ப்பில் வைர வியாபாரம் செய்கிற குஜராத்திகளின் விஷயமும் அங்கேதான் போகும், பாஸ்போர்ட் தொலைத்த மாணவரும் அங்கேதான் போவார், விசா, கலாச்சார விழா, டில்லியிலிருந்து வரும் அமைச்சர்களை வரவேற்பது எல்லாம் அங்கேதான். 27 நாடுகளுக்கும் சேர்த்துச் சட்டம் போடுகிற ஒரு பெரிய இயந்திரத்தைக் கவனிக்கிற வேலையும் அதே அலுவலகத்துக்குத்தான். வேளாண்மைக்கும் கடல் பொருளுக்கும் என்று ஒரு ஆலோசகர் பதவி அங்கே இருக்கிறது, அதை மறைக்கவில்லை. காஷ்மீர் ஆப்பிளிலிருந்து ஆந்திர இறால் வரைக்கும், சித்தூர் மாம்பழக் கூழ், எள், பாசுமதி, ஏலக்காய், காப்பி என்று நாட்டின் மொத்த விளைச்சலுக்கும் அந்த ஒரு பதவி எப்படிப் போதும் என்பதுதான் என் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் பற்றி நம் ஊரில் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. இந்தியக் காப்பியை அதிகம் வாங்குகிற நாடு இத்தாலி. அப்படியானால் காப்பிக்கு ஒரு சிக்கல் வந்தால் ரோமில் உள்ள நம் தூதர் இத்தாலி அமைச்சரைப் பார்த்துப் பேசினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வெளிநாட்டு வர்த்தகம் சம்பந்தப்பட்ட அதிகாரத்தை உறுப்பு நாடுகள் ஒன்றியத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டன. இத்தாலி தனியாக ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நம் காப்பிக்கு மட்டும் ஒரு விதியைத் தளர்த்தவும் முடியாது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வரைவு போடும், 720 பேர் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாட்டு அமைச்சர்கள் உட்காரும் கவுன்சிலும் அதைப் பேசித் திருத்தி நிறைவேற்றும், அப்புறம் அது 27 நாட்டிலும் ஒரே நாளில் சட்டம். பேச வேண்டிய இடம் பிரஸ்ஸல்ஸ், பேச வேண்டிய நேரம் வரைவு மேஜையில் இருக்கும்போது. நிறைவேறிய பிறகு போய் நின்றால், தேதியைத் தள்ளிவையுங்கள் என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

காடழிப்பு விதி விஷயத்தில் நடந்தது அப்படித்தான். காடு அழித்த நிலத்தில் விளைந்த பொருள் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்று 2021 நவம்பரில் ஆணையம் வரைவு போட்டது, 2023 ஜூனில் அது சட்டமானது. மாடு, கோகோ, காப்பி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள். ரப்பர் இருப்பதால் இன்னொரு கேரள எல்லையான கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், அருமனைக்காரர்களும் இதில் மாட்டுவார்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்படாத நிலம்தான் என்று காட்ட வேண்டும், விளைந்த தோட்டம் பூமியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று ஆறு தசம இடம் வரைக்கும் சொல்ல வேண்டும், தோட்டம் நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். இதோடு இன்னொன்றும் உண்டு, எங்களுக்கு உதைக்கிற இடம் அதுதான்: அந்தப் பொருள் விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்ததாக இருக்க வேண்டும், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் அந்தச் சட்டத்தில் அடக்கம்.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனை நடமாடுகிற ஊரில் இருப்பவனுக்குக் காடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் எரிந்த காட்டை நினைத்து எழுதிய விதியில் கூடலூர்க்காரன் எங்கே நிற்கிறான் என்று எழுதியவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா, அதைத்தான் கேட்கிறேன்.

கூடலூர், பந்தலூர் நிலச் சிக்கலைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது 1877 வரைக்கும் வயநாட்டோடு இருந்த பகுதி. நிலம் நிலம்பூர் கோவிலகம் என்கிற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். அந்த உரிமையை ஒழிக்க 1969-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் போட்டது, நடைமுறைக்கு வந்தது 1974-இல். சுமார் 80 ஆயிரம் ஏக்கர் அதில் வருகிறது. குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் விழுந்த நிலம் யாருக்கு என்பது நீதிமன்றம், அரசு, எஸ்டேட் கம்பெனி என்று இழுபட்டு இன்றைக்கும் முடியவில்லை. செக்ஷன் 17 என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டா கிடையாது, பல வீடுகளுக்குக் கரண்ட் கனெக்ஷன் கிடையாது. நாடு முழுவதற்கும் காடு எது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அந்த வழக்கும் கூடலூர் மரம் வெட்டலை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்துக்காரர் ஒருவர் போட்டதுதான். இந்த நிலத்தில்தான் மூன்று தலைமுறையாகப் பணியர், குறும்பர், செட்டிமார், கேரளத்திலிருந்து ஏறி வந்தவர்கள், இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட எங்கள் ஆட்கள் எல்லோரும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று காப்பி போட்டிருக்கிறோம். காடழித்துப் புதிதாக உண்டாக்கியது இல்லை, 2020-க்கு வெகுகாலம் முன்பே நின்ற செடி.

சென்ற பருவத்தில் எல்லையை ஒட்டிய மலை விளைபொருள் வாங்குகிற ஒரு மலஞ்சரக்குக் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா தன் உண்டைக் காப்பியை, அதாவது தோலோடு காயவைத்த காப்பிப் பழத்தை, கொண்டுவந்திருந்தார். கடைப் பையன் ஒரு கை அள்ளி உருட்டிப் பார்த்தான், ஒன்றைக் கடித்துப் பார்த்தான், ஈரம் பார்க்கிற மெஷினில் போட்டான், எல்லாம் வழக்கம்போல. 54 கிலோ மூட்டைக்கு அன்றைய விலையும் சொன்னான். அப்புறம் போனை எடுத்து, "சேச்சி, ஸ்தலத்தின்ற பேப்பர் எந்தெங்கிலும் உண்டோ? கம்பெனிக்காரர் சோதிக்குன்னு" என்றான், நிலத்துக்கு ஏதாவது காகிதம் உண்டா, கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள் என்று. அக்கா பிளாஸ்டிக் கவரிலிருந்து ரேஷன் கார்டை எடுத்தார், ஆதாரை எடுத்தார், வீட்டு வரி ரசீதை எடுத்தார். "இதெல்லாம் போதாதா தம்பி?" அவன் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு, சர்வே எண் கேட்கிற கட்டத்தில் விரலை வைத்து யோசித்துவிட்டு, காலியாக விட்டான். காப்பியை எடுத்துக்கொண்டான், காசும் சரியாகக் கொடுத்தான். "இந்தக் கொல்லம் குழப்பமில்லா சேச்சி. அடுத்த கொல்லம் கம்பெனி எடுக்குமோன்னு அறியில்லா." இந்த வருடம் சிக்கல் இல்லை, அடுத்த வருடம் கம்பெனி எடுக்குமா என்று தெரியாது என்கிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் இறக்குமதி செய்கிறவன் தப்பு செய்தால் அவனுடைய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் அளவுக்கு அபராதம் உண்டு, அவன் ஏற்றுமதியாளனை நெருக்குகிறான், ஏற்றுமதியாளன் இவனை நெருக்குகிறான், கடைசியில் அந்தக் காலிக் கட்டம் அக்காவுடையது.

இந்தியாவைக் குறைந்த ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் வைத்துவிட்டார்களே, பிறகென்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். 2025 மே மாதம் வைத்தார்கள், நல்ல செய்திதான், இங்கிருந்து வாங்குகிற இறக்குமதியாளர்களில் சோதிக்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்று குறையும். ஆனால் இடப் புள்ளியும் சட்டப்படி விளைந்தது என்கிற தகவலும் அப்போதும் கொடுத்தாக வேண்டும். விதி அமலாகும் தேதி 2024 டிசம்பர் என்று இருந்து, 2025 டிசம்பருக்குப் போய், இப்போது 2026 டிசம்பர் 30-க்குப் போயிருக்கிறது, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன். இப்படித் தள்ளிப்போனதே எப்படி? ஐரோப்பாவின் வன உடைமையாளர்களும் வியாபாரிகளும் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து விடாமல் பேசினார்கள், வெளிநாடுகளும் பேசின. 2023 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, பெரு, கானா உட்பட 17 நாடுகள் கையெழுத்துப் போட்டு ஒன்றியத்தின் தலைமைக்கு ஒரே கடிதம் எழுதின. சிறு விவசாயிகளை இது நசுக்கும் என்பதுதான் அதன் சாரம். அந்தப் பதினேழில் இந்தியா இல்லை. இந்தோனேசியாவும் மலேசியாவும் ஆணையத்தோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டுப் பணிக்குழுவும் 2023-இல் அமைத்துக்கொண்டன. நம் அரசு எங்கேயும் வாய் திறக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முழுநேரமும் இதையே பார்க்கிற ஆள் அங்கே இருந்திருந்தால் நம் பெயரும் அந்த வரிசையில் இருந்திருக்குமே என்கிற ஆதங்கம்.

இன்னொரு விஷயம், இது காப்பி தெரிந்தவர் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். பிரேசிலில் காப்பி பெரும்பாலும் வெட்டவெளியில் நிற்கிறது. நம் காப்பி நிழலில் நிற்கிறது, சில்வர் ஓக், பலா, முருக்கு, காட்டு மரம் என்று மேலே ஒரு அடுக்கு, அதில் மிளகுக் கொடி, கீழே காப்பி. மேலிருந்து எடுக்கிற செயற்கைக்கோள் படத்துக்கு இது காடாகத்தான் தெரியும். ஒன்றியத்தின் ஆய்வு மையம் 2020-ஆம் ஆண்டுக்கு என்று ஒரு உலகக் காட்டு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. அதில் காடு என்று விழுந்த தோட்டத்தில், மழைக்கு முன்னால் நாம் வழக்கமாகச் செய்கிற மாதிரி நிழல் மரத்தின் கிளையைக் கழித்தால், அல்லது வயசான மரத்தை இறக்கினால், அடுத்த படத்தில் காடு குறைந்ததாகக் காட்டும். விவசாய நிலத்தில் மரம் வளர்ப்பது காடு ஆகாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது, வரைபடம் கட்டாயமும் இல்லை. ஆனாலும் இறக்குமதியாளன் படத்தைப் பார்த்துப் பயந்தால் சரக்கை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவான், எங்களோடு வழக்காட வரமாட்டான். சிக்மகளூர், குடகு, வயநாடு, ஏற்காடு, நாங்கள் எல்லோருக்கும் இதே கதை. காப்பித் தோட்டத்தில் கால் வைத்த ஒரு அதிகாரி ஆணையத்தின் அறைக்குள் போய், இந்தப் படத்தைப் பாருங்கள், இது தோட்டத்தின் படம், கீழே இருந்து எடுத்தது, என்று விரித்துக் காட்டினால் இது தீர்கிற விஷயம்.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பேச்சும் இருக்கிறது. 2007-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2022-இல் மறுபடி ஆரம்பித்து, 2026 ஜனவரியில் முடிந்த பேச்சு அது. ஒப்பந்தத்தால் துணிக்கும் தோலுக்கும் நன்மை இருக்கும், நல்லது. ஆனால் வறுக்காத காப்பிக் கொட்டைக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே இறக்குமதி வரி இல்லை. இல்லாத வரியை எப்படிக் குறைப்பது? எங்களைப் போன்றவர்களுக்கு வரி ஒரு பொருட்டே இல்லை, விதிதான் எல்லாம். எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு என்கிற கிருமிநீக்கி வாயு இருக்கிறது என்று 2020-இல் பெல்ஜியம் கிளப்பியதும் விதிதான், 2014 மே முதல் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகற்காய், புடலையையும் பழ ஈ, பூச்சி என்று நிறுத்தி வைத்ததும் விதிதான். மாம்பழத்துக்கான தடை 2015 தொடக்கத்தில் விலகியது, காய்களுக்கு அதற்கு மேலும் ஆனது. அதில் நம் பக்கத்துத் தப்பும் இருந்தது, சுத்தமாக அனுப்பவில்லை என்பது உண்மை. எச்சரிக்கை மணி அடித்தபோதே கேட்டு ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தனித் தூதரகம் என்றால் ஏதோ புதுமை கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுக்கு நமக்கு ஒரு தூதரகம் இருக்கும்போதே, ஆசியான் அமைப்புக்கென்று 2015-இல் தனித் தூதரோடு தனி அலுவலகம் திறந்தார்கள். ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு ஒன்று, உலக வர்த்தக அமைப்புக்கு வேறு ஒன்று. பாரிஸில் பிரான்ஸுக்கு ஒன்று, யுனெஸ்கோவுக்கு ஒன்று. பிரஸ்ஸல்ஸிலேயே அமெரிக்காவும் சீனாவும் ஜப்பானும் பிரேசிலும் பெல்ஜியத்துக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று என்று இரண்டு அலுவலகம் வைத்திருக்கின்றன. 1962-லேயே, ஆறே நாடு இருந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு தூதரக உறவு வைத்துக்கொண்ட முதல் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆறு 27 ஆகிவிட்டது, 2004-இல் கூட்டாளி உறவு என்று அறிவித்தாயிற்று, 2023-இல் வர்த்தகத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஒரு கவுன்சில், அதுவும் ஒன்றியம் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக நம்மோடுதான் வைத்தது. உறவு இவ்வளவு பெருத்த பிறகும் அலுவலகம் அப்படியே இருக்கலாமா? முன்பெல்லாம் லண்டன் வழியாகக் கொஞ்சம் காரியம் நடக்கும், 2020-இல் பிரிட்டன் வெளியே போனதோடு அந்த வாசலும் மூடிவிட்டது.

செலவாகும் என்பார்கள், ஆகும். வெளியுறவுத் துறையில் ஆள் பற்றாக்குறை என்பார்கள், அதுவும் உண்மை, நாடாளுமன்ற நிலைக்குழுவே அதைச் சொல்லிக் குறைபட்டிருக்கிறது. அதற்கு வழி, எல்லா ஆளும் வெளியுறவுப் பணியிலிருந்துதான் போக வேண்டும் என்று இல்லாமல், காப்பி வாரியம், ரப்பர் வாரியம், நறுமணப் பொருள் வாரியம், கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் இவற்றிலிருந்து ஆளுக்கு ஒருவரை அங்கே உட்கார வைப்பது. மூன்று வருடம் தோட்டத்தில் நடந்தவராக இருக்கட்டும். பட்டா கொடுக்க வேண்டியது சென்னை என்பதும் பிரஸ்ஸல்ஸ் தூதரால் அதைக் கொடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பட்டா இல்லாததும் சட்டவிரோதமும் ஒன்றல்ல, அரசே முடிவு செய்யாமல் 50 வருடம் நிறுத்தி வைத்த நிலம் இது, இங்கே இருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல என்று இந்திய அரசின் கையெழுத்தோடு ஒரு குறிப்பு அங்கே போக வேண்டுமா இல்லையா? அதை எழுதிக் கொடுக்கவும், எழுதிய பிறகு துரத்திப் பிடித்துப் பதில் வாங்கவும் ஆள் வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு பழைய வலி உண்டு. 1964 அக்டோபரில் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவரையும் கேட்கவில்லை. என் அப்பா அம்மா அப்படி எண்ணிக்கையாகக் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். தூரத்து மேஜையில் பேசுகிறவர்களுக்கு நம் ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது படித்துச் சொல்வது இல்லை.

நீலகிரி, தேனி, கன்னியாகுமரி நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும், எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாடு, இடுக்கி உறுப்பினர்களிடமும் நான் கேட்பது, அடுத்த கூட்டத்தொடரில் வெளியுறவு அமைச்சரிடம் எழுத்துப்பூர்வமாக மூன்று கேள்வி கேளுங்கள் என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தனித் தூதரகம் திறக்கும் யோசனை அரசிடம் இருக்கிறதா? பிரஸ்ஸல்ஸ் தூதரகத்தில் வேளாண் பொருள் விதிகளை மட்டும் பார்க்கிற அதிகாரிகள் இன்றைக்கு எத்தனை பேர்? காடழிப்பு விதியில் ஜென்ம நிலச் சிறு விவசாயிகளின் நிலைமையை ஆணையத்திடம் இந்தியா எழுதிக் கொடுத்ததா, கொடுத்திருந்தால் தேதி என்ன? பதில் அவைக் குறிப்பில் ஏறும், அதை வைத்து நாங்கள் மேற்கொண்டு நடப்போம். உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு: 2026 டிசம்பர் வருவதற்குள் உங்கள் நிருபர் ஒருவரை அறுவடை நேரத்தில் இந்தப் பக்கம் அனுப்புங்கள். நாடுகாணியில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், களத்தில் காய்கிற காப்பியையும் மேலே நிற்கிற மரத்தையும் நேரில் பார்த்துப் படத்தோடு போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
பந்தலூர் தாலுகா, நீலகிரி மாவட்டம்.